பால் கட்டு மருந்து

பிள்ளை பெற்று வீட்டுக்குப் போகும் தாய்மாருக்கு நாம் கொடுத்தனுப்பும் துணிப்பையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். மருந்தகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களும் பிரசவ வார்டில் பயிற்சிக்கு வந்திருக்கும் செவிலியரும் படிப்பதற்கு என்று சொன்னீர்கள். பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது நாலைந்து வரியில் அடங்கிவிடும். பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வெயிலில் காயவைத்த துணிச் சதுரங்கள் எட்டு. முன்பக்கம் முடிச்சுப் போடுகிற தளர்வான பருத்தி உள்சட்டை ஒன்று. வெந்நீரில் நனைத்து ஒத்தடம் கொடுப்பதற்குத் தடித்த துண்டு ஒன்று. பாலைப் பீச்சி எடுத்தால் வைப்பதற்கு மூடி போட்ட சிறு கிண்ணம் ஒன்று. பிறகு, சங்கு ஒன்று.

அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். பையில் இருப்பது பிள்ளைக்குப் பால் புகட்டுகிற எவர்சில்வர் பாலாடை. பட்டியலில் மட்டும் இன்னும் ஏன் 'சங்கு' என்று இருக்கிறது, திருத்திவிடலாமா என்று. திருத்த வேண்டாம் என்று சொன்னேன், காரணம் சொல்லவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று இந்தப் பைக்காக என்னைப் பாராட்டிப் பேசினார்கள். அன்றைக்கும் ஒன்றும் சொல்லாமல் மாலையை வாங்கிக்கொண்டேன். எண்பதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். இனியும் சொல்லாமல் இருப்பதற்கு என்னிடம் சாக்கு எதுவும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு நாசரேத் பக்கம். அப்பா பள்ளி ஆசிரியர். மருந்தியலில் பட்டம் வாங்கியிருந்தேன். அந்தக் காலத்தில் அது பெரிய படிப்பு. ஆனால் மருந்து ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கிற சனங்களுக்கு நான் 'கம்பவுண்டரையா'தான். அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் என்னை உறுத்தும். பின்னால் நடந்ததில் அந்த உறுத்தலுக்கும் பங்கு உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்கிறவன் கம்பவுண்டர், கேட்காமலே தெரிந்தவன் படித்தவன் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் நிலையான உத்தரவு ஒன்று இருந்தது. பிள்ளை இறந்து பிறந்தாலோ, பிறந்து இறந்தாலோ, தாய்க்குப் பால் வற்றுவதற்கு ஐந்து நாள் ஹார்மோன் மாத்திரை. இன்றைக்கு அந்த மாத்திரையை அதற்காக யாரும் கொடுப்பதில்லை, அன்று கொடுத்தார்கள். டாக்டரம்மா அறுவை அறையில் இருக்கும் நேரத்திலும் அப்படிப்பட்ட தாய் காத்திருக்கக் கூடாது என்பதற்காகப் பொட்டலங்களை முன்கூட்டியே மடித்து ஒரு டப்பாவில் வைத்திருப்போம். பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற சீட்டை எழுதியவன் நான். 'பால் வற்றும் மருந்து' என்று எழுத மனம் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கையில் அந்தச் சொல்லைக் கொடுப்பது கொடூரமாகப் பட்டது. பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை வைத்து மார்பைத் துணியால் கட்டுவதை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். 'பால் கட்டுறது' என்றுதான் பெண்கள் பேசிக்கொள்வார்கள். ஆகவே 'பால் கட்டும் மருந்து' என்று எழுதினேன். கீழே, 'மார்பை இறுகக் கட்டவும். பாலைப் பீச்ச வேண்டாம்.' பக்குவமான தமிழில் எழுதிவிட்டதாக எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

ஒரு திங்கட்கிழமை பிற்பகல். ஜன்னலில் நல்ல கூட்டம். வரிசையில் வந்த ஒரு மனிதர் ஒரு பழைய சீட்டை நீட்டினார். ஆறு நாளைக்கு முன் எங்கள் வார்டில் பிரசவமான பிலோமினா என்ற பெண்ணுடையது, ஊர் புன்னைக்காயல். சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று சொற்கள் எழுதியிருந்தன. 'பால் கட்டு மருந்து.'

நிமிர்ந்து பார்த்தேன். முப்பது வயது இருக்கும். கண் இரண்டும் செக்கச்செவேலென்று சிவந்து, இமை தடித்துக் கிடந்தது.

"யாருக்கு மருந்து?" என்று கேட்டேன்.

அவர் தலையைத் திருப்பிக் காதை ஜன்னல் கம்பியில் வைத்தார்.

"யாருக்குன்னு கேட்டேன்."

"ஆமாய்யா, மருந்துதான்" என்றார், வரிசை முழுக்கக் கேட்கும்படி. "வீட்டுல எழுதித் தந்திருக்கா. என்னமோ பாலு கட்டுன்னா. பொம்பளைக சமாச்சாரம், நமக்கு என்ன தெரியும்? முந்தாநாள்லருந்து அழுதுகிட்டே கெடக்கா."

அவருக்குப் பின்னால் நின்ற பெண், "ஏலே, வாங்கிட்டுச் சட்டுனு நகரு. காலு கடுக்கு" என்றாள்.

நான் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். பிள்ளை நல்லாருக்கா? அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதருக்குக் காது மந்தம் என்று தெரிந்துவிட்டது. கேட்டால் கத்திக் கேட்க வேண்டும். வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள். அதில் இரண்டு பேர் வயிற்றுப் பிள்ளைக்காரிகள். அழுது சிவந்த கண், வீட்டில் அழுதுகொண்டு கிடக்கிற மனைவி, பால் கட்டு மருந்து. பிள்ளை போய்விட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்திருக்கிற தகப்பனிடம் பிள்ளை இருக்கிறதா என்று ஊர் கேட்கக் கத்துவதா? அது மனிதத்தன்மை இல்லை என்று நினைத்தேன். டாக்டரம்மா அறுவை அறையிலிருந்து வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். அதுவும் அவரை வருத்துவதாகப் பட்டது.

டப்பாவிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தேன். அதற்கென்று ஒரு நோட்டு உண்டு. தாயின் பெயர், ஊர், பிள்ளை இறந்த தேதி. பெயரையும் ஊரையும் எழுதினேன். தேதிக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ஆண்டவர் உங்களுக்கு நல்லது செய்வாரு" என்றார் அவர்.

நான் நல்லவன் என்றே அன்று மாலை முழுவதும் எனக்குத் தோன்றியது. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்தச் சீட்டை எழுதிய பிலோமினா சொல்ல வந்தது வேறு. அவளுக்குப் பால் கட்டிக்கொண்டிருந்தது. மார்பு கல்லாக இறுகி, பிள்ளையால் கவ்வ முடியாமல், தாயும் பிள்ளையும் இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தார்கள். வெந்நீர் ஒத்தடம், கையால் கொஞ்சம் பீச்சி இளக்கிவிட்டுப் பிள்ளையைத் திரும்பத் திரும்ப மார்பில் போடுவது. அதற்கு வேண்டியது அவ்வளவுதான். 'பால் கட்டுக்கு மருந்து' என்பதில் இரண்டு எழுத்தை அவள் விட்டுவிட்டாள். அவளுக்குப் போய்ச் சேர்ந்த பொட்டலத்தில் அதே சொல் இருந்தது; ஆஸ்பத்திரி எழுத்தில், இறுகக் கட்டு, பீச்சாதே என்று இருந்தது. அவள் அப்படியே செய்தாள். மருந்து சாப்பிடுகிற ஐந்து நாளும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது போல என்று நினைத்து, சீனித் தண்ணீரைக் கொடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை, அதே நேரத்துக்கு அதே மனிதர் வந்தார். இந்த முறை சிரித்துக்கொண்டு வந்தார். கண் மட்டும் அதே சிவப்பு.

"நீங்க தந்த மருந்து நல்லாக் கேட்டுது கம்பவுண்டரையா. ரெண்டே நாளு, நோவு போயிட்டு. என்ன, நோவோட சேந்து பாலும் போயிட்டு."

சீட்டை நீட்டினார். அதே பென்சில் எழுத்து. 'பால்பவுடர். புட்டி. ரப்பர்.'

"யாருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் மகளுக்குத்தான். பொட்டப் பிள்ளை. இன்னைக்குப் பதிமூணு நாளு."

அப்போதுதான் கண்ணைப் பற்றிக் கேட்டேன். என்னத்தையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் போல இருந்தது.

"இதுவா? உப்புத்தண்ணி" என்றார். "கடல்ல முங்கிச் சங்கு குளிக்குத ஆளு நான். எங்க செட்டுல எல்லாவனுக்கும் கண்ணு இப்படித்தான், காதும் இப்படித்தான். எவன் அழுதான் எவன் அழலைன்னு எங்க பொண்டாட்டிகளுக்கே தெரியாது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பெயர் இஞ்ஞாசி. வாரம் முழுக்கத் தூத்துக்குடியில் தங்கிக் கடலுக்குப் போவார். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய்த் திங்கள் விடியலில் திரும்புவார். வீட்டிலிருந்து வருகிற சீட்டுத்தான் அவருக்கும் வீட்டுக்கும் பேச்சு; வாங்கிய சாமானை அன்றைக்கே பஸ்ஸில் ஊர்க்காரர் யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுவார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டப்பாவையும் புட்டியையும் எடுத்துக் கொடுத்தேன். "தண்ணிய நல்லாக் கொதிக்க வைக்கணும்! புட்டியையும் கொதிக்க வைக்கணும்!" என்று கத்தினேன். அதைக் கத்துவதற்கு எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை வரை நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். புட்டிப்பால் குடித்து எத்தனையோ பிள்ளைகள் வளர்கின்றன என்று நினைத்தேன். சொன்னால் வேலை போகும் என்று நினைத்தேன். அப்பா பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது என்று நினைத்தேன். புன்னைக்காயலில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஒரு நாளைக்கு எட்டு முறை தண்ணீர் கொதிக்கவைக்க அந்த வீட்டில் விறகு இருக்கிறதா என்று நினைக்கவில்லை.

பிரசவ வார்டின் தலைமை நர்ஸைப் பெரிய சிஸ்டர் என்று கூப்பிடுவோம். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். குள்ளமான உருவம், சட்டைக் காலரில் எப்போதும் நாலு ஊக்கு குத்தியிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமையில், அந்த நோட்டை அவர் பார்ப்பது வழக்கம். நானாகப் போய்ச் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவர் நோட்டோடு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இந்தப் பிலோமினா பிள்ளை என்னைக்கு இறந்துச்சு? தேதி போடலையே."

நான் மேசையிலிருந்த பொட்டலத் தாளை மடிக்கத் தொடங்கினேன்.

"நான்தானே பிரசவம் பார்த்தேன். ஆறு பவுண்டு இருந்துச்சு. தராசுல போடவிடாம என்னா கத்து. அதுக்கு என்ன வந்துச்சு?"

"இறக்கல, சிஸ்டர்."

அவர் நோட்டைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த என் எழுத்தை விரலால் ஒருமுறை தடவிப் படித்தார். எப்படி நடந்தது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சு எத்தனை நாளாச்சு?"

"திங்கக்கிழமை தெரியும்."

சுவரில் இருந்த காலண்டரில் விரலை வைத்து எண்ணினார். "தப்பு ஒரு நிமிஷத்துல நடந்திருக்கு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நானும் செஞ்சிருக்கேன். இந்த ஆறு நாளு இருக்கே தம்பி, இது நீங்க ஒக்காந்து செஞ்சது."

பிறகு குரலை மாற்றிக்கொண்டு பேசினார். வற்றின பாலைத் திரும்ப வரவைக்க முடியும். பிள்ளை சப்பச் சப்பப் பால் ஊறும். ஆனால் நாள் போகப் போகக் கஷ்டம், பிள்ளைக்குச் சப்புகிற தெம்பு இருக்க வேண்டும். நாளைக்கு முதல் பூசை முடிந்ததும் பஸ் ஏறலாம்; ஞாயிற்றுக்கிழமை என்பதால் புருஷனும் வீட்டில் இருப்பார். டாக்டரம்மாவிடம் தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். சொன்னார், அது தனிக் கதை. வேலை போகவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

பஸ் ஆத்தூரைத் தாண்டியது. பெரிய சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "அங்க போயி முதல்ல நீங்க பேசணும். நீங்க பேசினதுக்கு அப்புறம்தான் நான் கை கழுவுவேன்."

கோயிலுக்குப் பின் தெருவில் வீடு. இஞ்ஞாசி வாசலிலேயே எங்களைக் கண்டுகொண்டு, உள்ளே பார்த்து, "ஏளா, ஆசுத்திரிலருந்து வந்திருக்காக! கம்பவுண்டரையாவே வந்திருக்காரு!" என்று கூவினார். பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்து நிலைக்கதவில் சாய்ந்துகொண்டாள். பிலோமினாவுக்கு இருபத்திரண்டு வயதுக்குமேல் இராது. மடியில் பிள்ளை. சன்னல் திட்டில் நான் கொடுத்த புட்டி. ரப்பரைச் சுற்றி ஈ.

பெரிய சிஸ்டர் நின்றபடியே குனிந்து பிள்ளையின் உச்சந்தலையில் இரண்டு விரலை வைத்தார். உச்சிக்குழி பள்ளமாக இருந்தது.

"வயித்தால போகுதா?"

"நாலு நாளா" என்றாள் பிலோமினா.

சிஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் இஞ்ஞாசியிடம் பேசத் தொடங்கினேன். தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள். அவர் காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, "என்னது? சத்தமாச் சொல்லுங்கய்யா" என்றார். கூட்டத்தின் முன் கத்தக் கூசித்தான் இத்தனையும் நடந்தது. இப்போதும் கதவில் பக்கத்து வீட்டுப் பெண் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒரே மூச்சில், வேகமாக, கத்தினேன். "நான் தந்த மருந்து தப்பு. அது பால் வத்துற மருந்து. பிள்ளை இறந்துபோச்சுன்னு நெனச்சுத் தந்துட்டேன். தப்பு என்னோடது."

கதவில் சாய்ந்திருந்த பெண் நிமிர்ந்து நின்றாள். இஞ்ஞாசி, காது கேளாதவர்கள் சிரிப்பது போல என் வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மனைவியின் பக்கம் திரும்பினார். "என்னளா சொல்லுதாரு?"

பிலோமினா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. பிறகு எட்டி, புருஷனின் காதில் வாயை வைத்துச் சொன்னாள்: "பிள்ளையப் பாக்க வந்திருக்காகளாம்."

"அதுக்கா இம்புட்டுத் தூரம்? உக்காரச் சொல்லு, கலரு வாங்கிட்டு வாரேன்" என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

"நான் அவர்கிட்ட மறைக்க விரும்பலைம்மா" என்றேன்.

"உங்க விருப்பத்த இங்கன யாரு கேட்டா?" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு விடியக் கடல்ல இறங்குத மனுசன். எட்டுப் பாகம் ஆழம், தண்ணிக்குக் கீழ மூச்சக் கட்டிட்டுப் போறவுக. நெஞ்சுல ஆத்திரத்த வச்சிக்கிட்டுப் போனா மூச்சு நிக்காது. நீங்க சொல்லிட்டிய, உங்களுக்குப் பாரம் எறங்கிட்டு. அத அவுக தூக்கிட்டுத் தண்ணிக்குள்ள போகணுமாக்கும்?"

நான் அவர் இறங்கிப் போன தெருவைப் பார்த்தேன்.

"நான் கேட்டுட்டேன்லா" என்றாள். "போதும். எனக்குப் பிள்ளை வேணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க."

"பேச்சு போதும். ஏளா, ஒலையில தண்ணி வையி" என்று பெரிய சிஸ்டர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கை கழுவப் போனார்.

கதவில் நின்றவளை அவர் விடவில்லை. "ஏளா, உனக்குப் பால் இருக்கா?"

"எனக்கா? எம் மவன் குடிச்சு மிச்சம் ரவிக்கையில ஓடுது."

"இந்தப் பிள்ளைக்கு ஏன் கொடுக்கல?"

"குடுக்கேன்னுதான் சொன்னேன் சிஸ்டரம்மா. ஆசுத்திரி டப்பாப் பாலு வந்திருக்கு, உன் பாலு எதுக்குன்னு இவ புருசன்லா பெருமையாச் சொல்லிட்டாரு. ரப்பர் புட்டி என்ன, டப்பா என்ன. நம்ம பாலுக்கு அப்படி ஒரு டப்பா உண்டா?"

"வாய மூடிட்டுப் பீச்சு" என்றார் சிஸ்டர்.

பீச்சின பாலைக் கொடுக்க ஒரு கரண்டி தேடினார்கள். பிலோமினா மாதா படத்தட்டிலிருந்து கையளவுச் சங்கு ஒன்றை எடுத்துத் தந்தாள். கரையில் ஒதுங்கிய வெறுஞ்சங்கு. அதன் வயிற்றை இஞ்ஞாசி நீளவாக்கில் அறுத்து, விளிம்பைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கிப் பிள்ளைக்கென்று செய்து வைத்திருந்தார். சிஸ்டர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "உள்ள கடைசி வரைக்கும் கண்ணுக்குத் தெரியுது. அழுக்கு ஒளிஞ்சிக்க இடம் இல்ல. அந்தப் புட்டிய விட இது நூறு பங்கு மேல்" என்று சொல்லி அதைக் கொதிநீரில் போட்டார்.

பிறகு அவர் செய்ததை நீங்கள் இன்று வார்டில் செய்கிறீர்கள். அன்று எனக்கு அது புதிது. பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் போட்டார். பிள்ளை கவ்வி, ஒன்றும் வராமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. சங்கின் மூக்கை மார்பின் மேல் சாய்த்துப் பக்கத்து வீட்டுப் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அது மார்பில் வழிந்து காம்பு வழியாகப் பிள்ளை வாய்க்குப் போயிற்று. பிள்ளை அழுகையை நிறுத்திச் சப்பியது. அதற்குத் தெரியாது, அது யார் பால் என்று. "அது சப்பினாப் போதும்" என்றார் சிஸ்டர், "சப்பினா வரும்."

அன்று பிற்பகல் பஸ்ஸிலேயே தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தோம். முதல் இரண்டு நாள் டாக்டரம்மா பிள்ளையின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. வயிற்றுப்போக்கு நின்றது, எடை ஏறவில்லை. வார்டில் பால் மிகுந்த தாய்மார் முறைவைத்துக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சங்கைக் கொதிக்கவைத்து வார்டுக்குக் கொண்டுபோவது என் வேலை என்று பெரிய சிஸ்டர் ஏற்பாடு செய்துவிட்டார். வேறு யாரையும் செய்யவிடவில்லை. நான் ஜன்னலில் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பேன். பின்னால் ஸ்பிரிட் அடுப்பில் சங்கு கொதிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பத்துத் தடவை கொண்டுபோனால் பத்துத் தடவையும் பிலோமினா கையை நீட்டி வாங்கிக்கொள்வாள். என்னோடு பேச மாட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை பெரிய சிஸ்டர் ஜன்னலுக்குள் கையை விட்டு ஒரு துணிச் சதுரத்தை என் மேசையில் வைத்தார். வேட்டித் துணி, நாலாக மடித்தது.

"தொட்டுப் பாருங்க."

ஈரமாக இருந்தது.

"பிள்ளை இடது பக்கம் குடிச்சிட்டு இருந்துச்சு. வலது பக்கம் தானா ஒழுகுது. அவ அழுதிட்டிருக்கா, நீங்க இப்ப அங்க போக வேண்டாம்."

முழுவதும் தாய்ப்பாலாக மாற இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. பிள்ளை பிழைத்தது.

பை அந்தத் துணியிலிருந்து தொடங்கியது. பிரசவத்துக்கு முன்பே தாயிடம் பேசிவிட வேண்டும் என்றார் பெரிய சிஸ்டர். பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அப்போதே கையைப் பிடித்துக் காட்டிவிட்டால் சீட்டு எழுதுகிற வேலையே இல்லை. காம்பைச் சோப்புப் போட்டுத் தேய்க்காதே. புண்ணானால் உன் பாலையே தடவிக் காயவிடு. பிள்ளை பிறந்த உடனே மார்பில் போடு. இவற்றை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் வார்டிலிருந்த மூன்று தாய்மாரிடம் படித்துக் காட்டி, உனக்கு என்ன புரிந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லையே எழுதினேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பழைய பொட்டலச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டு, 'பிள்ளை இறந்த தாய்க்கு மட்டும்' என்று எழுதி ஒட்டினேன். கொடூரமான வாசகம்தான். அதைக் கையில் வாங்குகிறவர் யாராக இருந்தாலும் ஒரு நொடி நின்று படிப்பார். ஜன்னலில் நிற்கும்போது, எந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதோ அதை முதலில் கேட்டுவிடுங்கள். கத்த வேண்டியிருந்தால் கத்துங்கள். வேண்டுமானால் வெளியே போய் அவர் காதருகில் நின்று கேளுங்கள். ஜன்னலைவிட்டு எழுந்து போக எனக்கு அன்று தோன்றவில்லை.

சங்கு எப்படிப் பைக்கு வந்தது என்று இன்னும் சொல்லவில்லை. பிலோமினா புருஷனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் வாயையும் எப்படியோ கட்டிவிட்டாள். ஆக, இஞ்ஞாசிக்குத் தெரிந்ததெல்லாம், ஊருக்கே வந்து தன் பிள்ளையைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பிழைக்கவைத்தவன் நான் என்பதுதான். கரையில் நல்ல வெறுஞ்சங்கு கிடைக்கும்போதெல்லாம் அறுத்துத் தேய்த்துக் கொண்டுவந்தார். "உங்க பைக்கு ஆவும்லா" என்பார். மாதத்துக்கு இரண்டு மூன்று வரும். வரிசையில் நிற்கிறவர்களிடம் அந்தப் பெரிய குரலில், "இந்தக் கம்பவுண்டரையா தந்த மருந்துலதான் எம் மகளுக்கு உசிரு" என்பார். சனங்கள் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். ஆறு வருஷம் அந்தச் சங்குகளை வாங்கி, கொதிக்கவைத்து, தாய்மாருக்குக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் வாங்கும்போது 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் வேறு ஊரில், இப்போது நீங்கள் இருக்கும் இந்த ஆஸ்பத்திரியில், வேலை கிடைத்தது; பையையும் பட்டியலையும் இங்கே கொண்டுவந்தவன் நான்தான். கிளம்புவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் இஞ்ஞாசிக்குக் காது முழுவதும் போயிருந்தது. கத்தியும் பயன் இல்லை. கடலில் இறங்குவதையும் விட்டுவிட்டு வலைக்கம்பெனி ஒன்றில் காவல் வேலை பார்த்தார். ஆகவே பிலோமினா அன்று சொன்ன காரணம் இனி இல்லை என்று நினைத்தேன். ஒரு தாளில் எழுதினேன். எந்தச் சொல்லும் இரண்டு பொருள் தராதபடி எழுதினேன். நான் கொடுத்தது தவறான மருந்து, உங்கள் மகளுக்குப் பால் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம், ஆறு நாள் தெரிந்தும் மறைத்தேன், மன்னிக்க வேண்டும். கீழே பெயர் எழுதினேன். சங்கு கொண்டுவந்த ஒரு நாள் அதை அவர் கையில் வைத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் பிலோமினா படித்துச் சைகையில் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை வந்தார். என் கைகள் மேசைக்குக் கீழே இருந்தன. அவர் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பையைத் திறந்து சங்கு ஒன்றை எடுத்து வைத்தார். அதுவரை கொண்டுவந்ததிலேயே அதுதான் மெல்லிசாக, வெள்ளையாக இருந்தது.

"அவ வாசிச்சுச் சொன்னா" என்றார். வரிசை முழுக்கக் கேட்டது. "அதைக் கேக்கவா இம்புட்டு எழுதினிய?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"பிள்ளை நல்லாருக்கான்னு கேட்டிருக்கியளாமே" என்றார். "நல்லாருக்கா."